நோன்புக் கஞ்சிக்கு ஒரு மூஸ்

அமெரிக்காவுக்குப் போய் வந்தவர்கள் எல்லாரும் நயாகராவைப் பற்றி எழுதுகிறார்கள். தண்ணீர் மேலேயிருந்து கீழே விழுகிறது. அதில் எழுத என்ன இருக்கிறது? நான் போய்ப் பெண் மூஸ் மாதிரி கத்தக் கற்றுக்கொண்டு வந்தேன். திண்டுக்கல் ஜில்லாவில் இந்த வித்தை தெரிந்த ஆள் என்னைத் தவிர வேறு யாராவது இருந்தால் என் தோல் மண்டிக்கு வரட்டும், பிரியாணி வாங்கித் தருகிறேன்.

மூஸ் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எருமையின் உடம்பு. அதற்கு ஒட்டகத்தின் கால். மூக்கை யாரோ பிடித்து இழுத்துவிட்டு மறந்து போனது போல ஒரு முகம். தாடைக்குக் கீழே காலிப் பை மாதிரி ஒரு தோல் தொங்கும். கொம்பு முறம் அகலத்துக்கு இருக்கும். அல்லாஹ் படைத்ததைக் குறை சொல்லக் கூடாது என்பதால் இதோடு நிறுத்துகிறேன்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி. பக்ரீத் அன்று வீடு வீடாகப் போய் ஆட்டுத்தோல் வாங்கி, உப்பைத் தடவி, சைக்கிளில் கட்டிக்கொண்டு மண்டிக்குப் போனவன், பிறகு அந்த மண்டியையே வாங்கினேன். தோலைத் தொட்டாலே அந்த ஆடு எந்தப் பக்கத்து மேய்ச்சல் என்று சொல்வேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. உண்மை என்பதால் சொல்கிறேன்.

2004-இல் நியூஜெர்சியில், பார்சிப்பனியில் இருக்கும் மகள் நசீமா வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகன் ஜாபர் வேறு யாருமில்லை, என் தங்கை மகன்தான். தகப்பன் இல்லாத பையன் என்று நான்தான் இஞ்சினியரிங் படிக்க வைத்தேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு வளைந்துவிட்டது. ஆபீஸில் எவனோ விளையாட்டாகச் சொன்னான் என்று இவனும் மூஸ் வேட்டைக் குலுக்கலுக்குப் பெயர் கொடுத்திருக்கிறான். வடக்கே மெயின் என்று ஒரு மாநிலம். அங்கே பிறந்து வளர்ந்தவனெல்லாம் வருஷக்கணக்காகப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க, ஈ அடிக்கக் கை வராத என் மருமகனுக்கு விழுந்துவிட்டது. ஒரு வருஷம், ஒரு ஆள், ஒரு மூஸ். அதுதான் கணக்கு.

விழுந்ததோடு சும்மா இருந்திருக்கலாம். அந்தப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம்கள் எல்லாரும் நோன்பின் முதல் ஞாயிறு ஒரு ஹாலை வாடகைக்கு எடுத்து, பெரிய தேக்சாவில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவார்கள். ஜும்ஆ முடிந்து வெளியே வந்ததும் ஜாபர் அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டான்: "இந்த வருஷம் கஞ்சிக்குக் கறி நம்ம பொறுப்பு. மூஸ் கறி."

ஹாஜா என்று ஒரு ஆள் அங்கே இருக்கிறார். எந்தக் கூட்டத்திலும் மைக்கைப் பிடித்துக்கொள்வாரே, அந்த ரகம். அவர் சிரித்துக்கொண்டே, "தம்பி, நீங்க மவுஸ் பிடிக்கிற ஆளு. மூஸ் எல்லாம் பிடிப்பீங்களா? எதுக்கும் நான் கோழிக்குச் சொல்லி வைக்கிறேன்," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஜாபரும் சிரித்தான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. என் தங்கை மகனைப் பார்த்து என் முன்னால் ஊர் சிரிப்பதா? நானும் வருகிறேன் என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

வேட்டைக்கறி கூடுமா என்று இமாமிடம் கேட்டோம். பிஸ்மில்லாஹ் சொல்லிச் சுட வேண்டும், போய்ப் பார்க்கும்போது உயிர் இருந்தால் அறுக்க வேண்டும் என்றார். சுடுவது ஜாபர். எனக்குத் துப்பாக்கி தொட உரிமம் கிடையாது. ஆனால் கூப்பிடுகிறவனுக்கு உரிமம் வேண்டியதில்லையாம். வாய்க்கு வரி போடாத ஒரே ஊர்.

நோன்புக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மெயின் போய்ச் சேர்ந்தோம். வழிகாட்டி என்றதும் மீசை வைத்த ஒரு ஆளை எதிர்பார்த்தேன். வந்து நின்றது என் வயசில் ஒரு அம்மாள். பெயர் டாரிஸ். ஆண்பிள்ளைச் சட்டை, முழங்கால்வரை பூட்ஸ், கையில் எங்கள் மண்டி ஆட்கள் மாதிரி காய்ப்பு. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஜாபரிடம் ஏதோ கேட்டாள்.

"என்னவாம்?"

"நீங்களும் காட்டுக்கு வர்றீங்களான்னு கேக்குறாங்க மாமு."

"நான் வராம என் மருமகன் எப்படிச் சுடுவான்னு கேளு."

அவன் கேட்கவில்லை. அவன் மொழிபெயர்ப்பின் லட்சணம் போகப் போகத்தான் தெரிந்தது.

திங்கள் காலை சாப்பாடு. ஊத்தப்பம் மாதிரி ஒன்றைச் சுட்டு, அதன் மேல் மரத்திலிருந்து வடித்த பாகை ஊற்றுகிறார்கள். பக்கத்தில் அவரைக்காய் விதை மாதிரி ஒன்று, பன்றிக்கறியோடு வேகவைத்தது. அதை வாசலைத் தாண்டி வைக்கச் சொன்னேன். நசீமா கட்டிக் கொடுத்த புளிச்சோறும் இட்லிப்பொடியும்தான் அந்த வாரம் என் உயிரைக் காத்தன. ஊத்தப்பத்துக்குப் பாகு! இவர்கள் சந்திரனுக்குப் போனதாகச் சொல்கிறார்கள்.

அன்றைக்குத்தான் பாடம். மரப்பட்டையைக் கூம்பாகச் சுருட்டி வைத்திருந்தாள். மூக்கைக் கட்டைவிரலால் அழுத்தி, அடித்தொண்டையில் ஆரம்பித்து, மேலே ஏற்றி, அழுகிற மாதிரி இறக்க வேண்டும். நான் முதல் தடவை ஊதியபோது அந்தம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். லாரி ஹாரன் மாதிரி இருக்கிறதாம். இரண்டாவதும் லாரிதான். பிறகு நான் யோசித்தேன். இது என்ன பெரிய கலை? காளைக்கு ஏங்கும் பசு கத்துவதைச் சந்தையில் நான் கேட்காததா? கண்ணை மூடி, சந்தையை நினைத்து ஒன்று விட்டேன். டாரிஸ் சிரிப்பதை நிறுத்தினாள். "இன்னொரு தடவை," என்றாள். அதை ஜாபர் சொல்லாமலே புரிந்துகொண்டேன்.

ஆனால் கூப்பிடுவது பாதிதான். கூப்பிட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது மீதிப் பாதி. அதுதான் என்னால் ஆகவில்லை. எங்கள் மண்டியில் வாய் மூடினால் விலை போய்விடும். இங்கே இருமல் வந்தால்கூட டாரிஸ் முறைக்கிறாள். எல்லாருக்கும் ஆரஞ்சு நிறத் தொப்பி, ஆரஞ்சு நிறச் சட்டை. நகராட்சித் துப்புரவுக்காரர்கள் மூன்று பேர் காட்டில் ஒளிந்திருப்பது போல இருந்தோம். மூஸுக்கு நிறம் தெரியாதாம். அதுவும் நம்ப வேண்டியதுதான்.

செவ்வாய்க்கிழமை இருட்டு பிரியும் முன்னே ஃபஜர் தொழுதுவிட்டு, வழக்கம்போல அத்தரைப் பஞ்சில் தொட்டுக் காதில் செருகிக்கொண்டு கிளம்பினேன். நான் அத்தர் வைக்காமல் வெளியே இறங்கியது கிடையாது. தோல் வியாபாரம் பண்ணுகிறவன் பக்கத்தில் யாராவது மூக்கைப் பொத்தினால் அது அவனுக்கு அவமானம். சைக்கிளில் போன காலத்தில் அதை நிறையப் பார்த்துவிட்டேன். கையில் காசு வந்த அன்றைக்கு நான் முதலில் வாங்கியது ஒரு குப்பி நல்ல அத்தர்.

ஒரு குட்டைக் கரை. டாரிஸ் ஜாபரைத் தள்ளிப் போய் ஒரு மரத்தடியில் துப்பாக்கியோடு உட்கார வைத்தாள். ஆண் மூஸ் நேராக வராதாம். சுற்றிவந்து, காற்று வீசிப் போகும் பக்கமாக நின்று மோந்து பார்த்துவிட்டுத்தான் வருமாம். அப்படிச் சுற்றும்போது ஜாபரைத் தாண்டிப் போகும். அவ்வளவுதான் திட்டம்.

நான் கூப்பிட்டேன். பிறகு டாரிஸ் ஒரு தகர டப்பாவில் தண்ணீர் மொண்டு குட்டையில் ஊற்றினாள். பெண் மூஸ் ஒன்றுக்குப் போகிற சத்தமாம்! பேரன் பேத்தி எடுத்த வயசில் ஒரு பொம்பிளை செய்கிற காரியமா இது? அதிலும் அவள் கொட்டியது குடத்தைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. ஒதுங்கினால் கழுவ எங்கே போனாலும் நான் எடுத்துப் போகும் பிளாஸ்டிக் கெண்டியைப் பையிலிருந்து எடுத்து, அதன் மூக்கு வழியாகச் சன்னமாக, விட்டு விட்டு ஊற்றிக் காட்டினேன். டாரிஸ் என்னையும் கெண்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். அமெரிக்காவில் இத்தனை கடை இருந்து என்ன பிரயோசனம், ஒரு கெண்டி இல்லை.

அக்கரையில் "உக்... உக்" என்று ஒரு சத்தம். கிளை முறிகிறது. என் முதல் மூஸ் எனக்குப் பதில் சொல்கிறது! பக்கத்தில் வருகிறது, இன்னும் பக்கத்தில். பிறகு ஒரு பெரிய உறுமல். சடசடவென்று ஓட்டம். அவ்வளவுதான். காடு காலி.

டாரிஸ் என் பக்கம் திரும்பி, மூக்கை விடைத்து, ஜாபரிடம் நீளமாக ஏதோ சொன்னாள்.

"என்னவாம்?"

"காத்து சரியில்லையாம் மாமு."

"காத்தைக்கூடப் பார்த்து உட்கார வைக்கத் தெரியல. இதுக்கு ஒரு வழிகாட்டி!"

புதன்கிழமை மழை. ஜாபரின் மினிவேன் மரம் வெட்டுகிறவர்கள் போட்ட மண்பாதையில் சறுக்கி, பள்ளத்தில் மூக்கை விட்டுக்கொண்டு நின்றது. ஏழு பேர் போகிற வண்டி, கப் வைக்க மட்டும் பதினைந்து ஓட்டை, சேற்றில் போட்டால் ஒரு அடி நகரவில்லை. எங்கள் ஊரில் எருமை பூட்டிய வண்டி இதைவிட மோசமான சேற்றில் போகும். டாரிஸ் தன் லாரியில் சங்கிலி கட்டி இழுத்துவிட்டாள். இழுக்கும்போது என்னைத் தள்ளி நிற்கச் சொன்னாள். கொஞ்சம் அதிகமாகவே தள்ளி.

மதியம் சின்னதாக ஒரு கடைத்தெரு வந்தது. அங்கேதான் செல்போன் எடுத்தது. நசீமா பேசினாள். "அத்தா, ஹாஜா அண்ணன் கோழி ஆர்டர் பண்ணிட்டாராம். மெயில் போட்டு எல்லாருக்கும் சொல்லிட்டார். இவர்கிட்ட இப்போ சொல்லாதீங்க, பாவம்."

சொன்னேன். சொல்லாமல் விட்டால் ரோஷம் எப்படி வரும்? ஜாபர் வண்டியின் சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

வியாழன். வேறு குட்டை. என் குரல் இப்போது எனக்கே பிடித்துப்போயிருந்தது. இரண்டு மூஸ் பதில் சொன்னன. ஒன்று மரங்களுக்கு நடுவே கொம்பைக்கூடக் காட்டியது. ஜாபர் துப்பாக்கியைத் தூக்கினான். மூஸ் தலையைத் தூக்கிக் காற்றை ஒரு இழு இழுத்தது. இழுத்த வேகத்தில் திரும்பிப் பறந்தது, பேய் அறைந்தது மாதிரி.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "நீ காபி குடிச்சுட்டு வந்து உக்காந்தா மூஸ் எப்படிடா வரும்? உன் வாய் நாத்தம்தான் துரத்துது!" என்று மருமகனைப் பிடித்துக்கொண்டேன். அவன் தலையைக் குனிந்து நின்றான்.

டாரிஸ் நேராக என்னிடம் வந்தாள். குனிந்தாள். முகர்ந்தாள். என் காது மடலிலிருந்த பஞ்சை இரண்டு விரலால் பிடுங்கி, என் மூக்குக்கு முன்னால் பிடித்தாள். ஐந்தாம் வகுப்பு வாத்தியாருக்குப் பிறகு என் காதில் கை வைத்த ஆள் இவள் ஒருத்திதான். அவள் சொன்னதை ஜாபர் மொழிபெயர்க்கவில்லை. தேவையும் படவில்லை.

 ஜாபரிடம் திரும்பிக் கேட்டேன்.

"இந்தம்மா இதை முன்னாடியே சொன்னாளா?"

"செவ்வாய்க்கிழமையே சொன்னாங்க மாமு."

"காத்து சரியில்லைன்னு சொன்னியே, அதுவா?"

"ஆமா மாமு."

"அவ சொல்றதுக்கு முன்னாடி உனக்குத் தெரியாதா?"

"பார்சிப்பனில கார்ல ஏறும்போதே தெரியும். வேட்டைக்கு சோப்புகூடப் போடக் கூடாதுன்னு லைசென்ஸ் கிளாஸ்ல சொல்லித் தந்தாங்க."

"அப்போ ஏண்டா வாயைத் திறக்கல? ஊரே உனக்காகக் கோழி வாங்கி வச்சிருக்கு!"

அவன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "உங்ககிட்டப் போயி எப்படி மாமு... நாத்தம்னு சொல்றது? கோழி போனாப் போகுதுன்னு இருந்துட்டேன்."

என்னிடம் கடன்பட்டவன் மாதிரி இருபது வருஷமாகத் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறான். மரியாதையாம். நாலு நாள் காட்டில் குளிரில் உட்கார்ந்து, ஊர் முன்னால் மானம் போகட்டும் என்று விட்டுவிடுகிற மரியாதையை நான் யாரிடமும் கேட்கவில்லை. மண்டியில் எனக்கு முன்னால் கை கட்டி நிற்கிற கணக்குப்பிள்ளைகூட, தோல் அழுகினால் அழுகிவிட்டது என்று சொல்வான். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் நான் அவனோடு பேசவில்லை. பொடியை மட்டும் தள்ளி வைத்தேன்.

வெள்ளிக்கிழமைதான் எங்களுக்குக் கடைசி நாள். சனிக்கிழமை கிளம்பினால்தான் ஞாயிறு கஞ்சிக்குப் போய்ச் சேர முடியும். டாரிஸ் செத்துப்போன தன் புருஷனின் பழைய கம்பளிக் கோட்டை நீட்டினாள். புகையும் நாயும் கலந்த வாடை. வெறும் தண்ணீரில் தேய்த்துக் குளித்துவிட்டு அதைப் போட்டுக்கொண்டேன். பஞ்சை எங்கேயாவது எறியச் சொன்னாள்.

நான் எறியவில்லை. ஆட்டை மந்தையாக ஓட்டிப் போகும்போது எல்லா ஆட்டையும் பிடித்து இழுக்க முடியாது. அது போகக் கூடாத பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்தினால் போதும். அந்தக் குட்டைக்கு இடது பக்கம் அடர்ந்த மரக்கூட்டம், மூஸ் அதற்குள் நுழைந்தால் ஜாபருக்குத் தெரியாது. வலது பக்கம் வெட்டவெளி. இடது பக்கத்தில் காற்றைப் பார்த்து ஒரு கிளையில் அந்தப் பஞ்சைக் கட்டித் தொங்கவிடச் சொன்னேன்.

இதை மட்டும் ஜாபர் ஒழுங்காக மொழிபெயர்த்தான் என்று நினைக்கிறேன். டாரிஸ் தோளைக் குலுக்கினாள். "இத்தனை வருஷத்தில் மூஸுக்கு யாரும் சென்ட்டால் வேலி போட்டு நான் பார்த்ததில்லை," என்றாளாம். இத்தனை வருஷம் அவள் என்னைப் பார்த்ததில்லை அல்லவா.

கூப்பிட்டேன். கெண்டியில் ஊற்றினேன். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். பிறந்ததிலிருந்து நான் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான். சூரியன் மேலே வந்துவிட்டது. இன்னொரு தடவை கூப்பிட்டேன்.

"உக்."

இடது பக்க மரக்கூட்டத்தில் கொம்பு உரசுகிற சத்தம். வந்தது, நின்றது. அத்தர் அதன் மூக்கைத் தொட்டிருக்க வேண்டும். ஒரு உறுமல். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஓடிவிட்டது என்று நினைத்து அடித்தொண்டையில், சின்னதாக, கெஞ்சுகிற மாதிரி ஒன்று விட்டேன். கண்ணைத் திறந்து பார்த்தால், அந்த அசிங்கமான பிராணி பஞ்சைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வெட்டவெளிக்கு வந்து, ஒட்டகக் காலை ஒவ்வொன்றாகத் தூக்கிவைத்து நடக்கிறது. பக்கத்தில் பார்த்தபோது கொஞ்சம் பெரிய ஆள்தான். அதை மறுக்கவில்லை.

ஜாபரின் உதடு அசைவது எனக்குத் தெரிந்தது. வெடி. மூஸ் ஒன்றும் நடக்காத மாதிரி நின்றது. நாலு எட்டு வைத்தது. முன்னங்கால் மடங்கிச் சாய்ந்தது.

நான் கத்தியை உருவிக்கொண்டு எழுந்தேன். டாரிஸ் என் கோட்டுக் காலரைப் பிடித்து இழுத்தாள். அடிபட்ட மூஸிடம் போகிறவன் திரும்பி வருவதில்லையாம். மூஸ் தலையைத் தூக்கியது. அப்போது அந்தப் பூனை மாதிரிப் பையன், ஆபீஸில் வாய் திறக்காத என் மருமகன், "பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்!" என்று காடே அதிரக் கத்திவிட்டு இரண்டாவது வெடி வைத்தான். அதற்குப் பிறகு அது அசையவில்லை. அவன் துப்பாக்கியை இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தான்.

"மொத வெடிக்குச் சொன்னியா?" என்று கேட்டேன்.

"சொன்னேன் மாமு. உங்களுக்குக் கேக்கலைன்னுதான் ரெண்டாவது தடவை கத்துனேன்."

உரிக்கும்போதுதான் எனக்கு வயிறு எரிந்தது. அமெரிக்காக்காரன் தலையைச் சுவரில் மாட்டுகிறான், தோலைக் காட்டில் எறிகிறான். அந்தத் தோலைத் தொட்டுப் பாருங்கள்! டாரிஸ் கத்தி போட்ட லட்சணத்தில் பத்து இடத்தில் கீறல் விழுந்திருக்கும். கத்தியைப் பிடுங்கி நானே உரித்தேன். ஒரு கீறல் கிடையாது. அந்தக் கடைத்தெருவில் இருந்த உப்பு மூட்டைகளை எல்லாம் வாங்கி அதற்குப் போட்டேன். அது இன்றைக்கும் நசீமாவின் கராஜில் இருக்கிறது, அவள் அந்தப் பக்கம் போவதில்லை. அன்று மாலை மரங்களுக்கு மேலே பிறை தெரிந்தது. தெரிந்ததா இல்லையா என்று சண்டை போட அங்கே ஜமாஅத் இல்லாததால், வாழ்க்கையில் முதல் தடவையாக நிம்மதியாக நோன்பு பிறந்தது. குட்டையை விட்டுக் கிளம்பியபோதே டாரிஸ் அந்தப் பஞ்சைக் கிளையிலிருந்து அவிழ்த்து, டப்பாவில் போட்டு மூடித் தன் பையில் வைத்துக்கொண்டாள். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஞாயிறு மாலை ஹாலில் கஞ்சி. கறியைக் கொத்தி, வெந்தயமும் பூண்டும் தேங்காய்ப்பாலும் விட்டு, பெண்கள் நன்றாகவே காய்ச்சியிருந்தார்கள். நோன்பு திறந்து முதல் வாய் வைத்ததும் எல்லாரும் ஹாஜாவைப் பார்த்தார்கள். அவர் நிதானமாகக் குடித்துவிட்டு, "மாட்டுக்கறி மாதிரிதான் இருக்கு," என்றார். கோழிக்கறி மாதிரி இருக்க அது என்ன முட்டையா போட்டது? ஆனால் கிண்ணத்தை இரண்டாவது தடவை நீட்டினார். ஜாபர் கரண்டியைத் தேக்சாவின் அடிவரை விட்டு, கறியாகப் பார்த்து அள்ளி ஊற்றினான். கோழி ஹாஜா வீட்டு ஃபிரீசரிலேயே இருந்தது. யாரோ கூப்பிட்டுக் காட்டச் சொன்னார்கள். நான் கூப்பிட்டேன். குழந்தைகள் இரண்டு அழுதன.

திரும்பி வரும்போது நசீமா பின் சீட்டில் தூங்கிவிட்டாள். நான் முன்னால். ஹாலுக்குப் போவதற்கு முன்பே புதுப் பஞ்சில் அத்தர் வைத்திருந்தேன், இடையில் வைக்காத நாளுக்கும் சேர்த்து. ஃப்ரீவேயில் ஏறியதும் ஜாபர் தொண்டையைச் செருமினான்.

"மாமு."

"என்ன?"

"அத்தர் ஜாஸ்தியா இருக்கு. மூச்சு முட்டுது."

அவனைத் திரும்பிப் பார்த்தேன். ரோட்டைப் பார்த்தபடி ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தான், துப்பாக்கியைப் பிடித்த மாதிரி.

பஞ்சை நான் எடுக்கவில்லை. எவன் சொன்னாலும் எடுக்க மாட்டேன். ஜன்னல் கண்ணாடியை மட்டும் நானே இறக்கிவிட்டேன். குளிர் காற்று காதை அறுத்துக்கொண்டு போனது. வீடு வரும்வரை ஏற்றவில்லை.